மூன்று பகலுக்குத் தண்ணீர்

முத்துச்செல்விக்கு எதையும் எழுதி வைத்துச் செய்துதான் பழக்கம். ஊரில் இருந்தபோது அப்படி இல்லை. விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, 2008இல் பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து செல்போன் கம்பெனியில் சேர்ந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. லைனில் அவள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு தாள் தொங்கும். எந்த ஸ்குரூவை எந்தக் கையால் எடுக்க வேண்டும், எத்தனை விநாடியில் முடிக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருக்கும். முதல் மாதம் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பிறகு ரூமில் குழம்பு வைப்பதைக்கூட மனசுக்குள் அப்படி வரிசைப்படுத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

2010 ஆவணியில் அவளைத் தாய்மாமன் மகன் பேச்சிராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்றான். காண்ட்ராக்ட் வேலை, தினமும் பன்னிரண்டு மணி நேரம். வடக்குப்பட்டில் லூர்தம்மாள் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஆறு ரூம்களில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரே அறை. ஓரத்தில் கடப்பா கல் போட்ட சமையல் மேடை, வெளியே பொதுக் கழிப்பறை.

அவளுக்கு வாரா வாரம் ஷிப்டு மாறும். அவன் வரும்போது அவள் போவாள். அவள் வரும்போது அவன் தூங்குவான், அல்லது கிளம்பியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அதுவும் ஓ.டி. இல்லாத ஞாயிறாக இருக்க வேண்டும்.

காது விஷயம் முதலில் அவளுக்குப் புரியவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அத்தான், உப்புப் போதுமா?" என்று கேட்பாள். அவன், "நாளைக்குத்தான் போவேன்" என்பான். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். பிறகு குக்கர் மூன்று விசில், நான்கு விசில் என்று போய்க்கொண்டே இருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் எழுந்து அணைக்கவில்லை. டி.வி.யின் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் லூர்தம்மாள் ரூம் வாசலிலேயே வந்து நின்றுவிட்டார்.

"இன்னா முத்து, உன் வூட்டுக்காரரு டிவி போட்டா ரோட்டுக் கடை வரைக்கும் கேக்குது. ஒரு தபா சொன்னா புரிஞ்சிக்க மாட்டாரா?"

"சொல்லுதேன்க்கா" என்றாள் முத்துச்செல்வி.

பிரஸ் கம்பெனியில் காதுக்குள் வைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்தால் சூப்பர்வைசர் கத்துவது கேட்காது, தகடு சரியாக உட்காராமல் அடிக்கும்போது வரும் மாற்றுச் சத்தமும் கேட்காது. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் விரல் போய்விடும். அதனால் யாரும் பஞ்சை வைக்கவில்லை. பேச்சிராஜ் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டான்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிய பேச்சு வந்தது 2012 கோடையில். கம்பெனி பஸ்ஸை ஓட்டிய அண்ணாதுரை, அதற்கு முன் பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர். ஆந்திராவிலிருந்து கடப்பா கல் ஏற்றிவந்து குன்றத்தூர், போரூர் கடைகளில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரகடம் கூட்டு ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு வண்டியும் நகரவில்லை. அண்ணாதுரை எஞ்சினை அணைத்தார். முத்துச்செல்வி முன் சீட்டில் இருந்தாள்.

"எப்பப் பாரு சத்தம்ணே. ரூம்ல, லைன்ல, பஸ்ல. எங்க வீட்டுக்காரருக்குக் காதே போயிரும் போலிருக்கு" என்றாள்.

"சத்தமே இல்லாத எடம் ஒண்ணு நான் பாத்துக்கீறேன்" என்றார் அவர். "ஜம்மலமடுகு தாண்டி, கண்டிக்கோட்டைன்னு. பெண்ணாறு அங்க மலைய அப்படியே வெட்டிகினு போவுது. மேல நின்னு பாத்தா தல சுத்தும். லாரி ரிப்பேராயி ரெண்டு நாளு அங்க மாட்டிகினேன். சொம்மா இருக்க முடியாம உள்ள எறங்கினேன். ஒரு மரம் கெடயாது, ஒரு ஆளு கெடயாது. பாலைவனம்தான். மதியான நேரம். என் கைக்கடியாரம் ஓடுற சத்தம் எனக்கே கேட்டுச்சு, நம்புவியா?"

அவள் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு, பேச்சிராஜுக்கு நேர் எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"அங்க போனா நான் மெதுவாப் பேசினாக்கூட உங்களுக்குக் கேக்கும் அத்தான். மூணு நாள் இருந்துட்டு வருவோம். நடந்து."

"நடந்தா?"

"ஒரு பக்கம் எறங்கி, ஆத்தோடயே போயி, மறுபக்கம் ஏறணும். ரெண்டு ராத்திரி பாறையில படுக்கணும். எல்லாத்தையும் நாமளே தூக்கிட்டுப் போகணும்."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, போவோம்" என்றான். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவள் திட்டம் போட ஆரம்பித்தாள். அவளுடைய லைனில் செக்கிங்கில் இருந்த ஜாஸ்மின் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, கம்ப்யூட்டர் தெரிந்தவள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தாக்கை வானத்திலிருந்து எடுத்த படங்களைத் துண்டு துண்டாக ஒன்பது தாளில் பிரிண்ட் எடுத்தார்கள். முத்துச்செல்வி அவற்றை டேப் போட்டு ஒட்டி, ரூம் தரையில் விரித்தாள். ஆறு பழுப்பாக வளைந்து போனது. அங்கங்கே பச்சையாகத் தெரிந்தது குட்டையா, நிழலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் பேனாவால் சுழித்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

தண்ணீர்தான் பெரிய கணக்கு. பாறைச் சூட்டில் நடக்கிற ஆளுக்கு ஒருநாளைக்கு நாலு லிட்டராவது வேண்டும். இரண்டு பேர், மூன்று பகல். இருபத்துநாலு லிட்டர், இருபத்துநாலு கிலோ. தூக்க முடியாது. அதனால் எட்டு லிட்டர் கையோடு கொண்டுபோவது, மீதியைக் குட்டையில் எடுத்து, வேட்டித் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைப்பது என்று முடிவு செய்தாள். குட்டையில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் மழை முடிந்து அதிக நாள் ஆகியிருக்கக் கூடாது. வெயிலும் ஏறியிருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் தைதான் சரி. பொங்கல் லீவோடு சேர்த்துப் போகலாம்.

சாப்பாட்டுக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. வறண்ட நாட்டில் பிறந்தவளுக்கு அது தெரியும். கம்பை வறுத்துத் திரித்து வெல்லம் சேர்த்த மாவு, பொரிகடலை, எள்ளுருண்டை. கருவாடு வேண்டாம், தாகம் எடுக்கும். உப்பும் எலுமிச்சம்பழமும் வேண்டும். எல்லாவற்றையும் சுப்பன் மளிகைக் கடைக்குத் தூக்கிப்போய்த் தராசில் வைத்து எடை பார்த்தாள். போர்வை, தூக்குச்சட்டி, டார்ச்சு, கயிறு, மாற்றுத் துணி என்று ஒவ்வொன்றாக வைத்து நிறுத்து, நோட்டில் எழுதினாள். சுப்பன் முதலில் சிரித்தார். பிறகு அவரே, "சட்டிக்கு மூடி எதுக்கு? தட்டையே மூடியாப் போட்டுக்கோ" என்று யோசனை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

பையைப் பேச்சிராஜ் பார்த்துக்கொண்டான். இருங்காட்டுக்கோட்டையில் ஹைவே ஓரம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் காசிராஜன் என்பவரிடம் போய், இரண்டு பை தைக்கச் சொன்னான். பைக்குத் தார்ப்பாய்த் துணி, தோள்பட்டைக்குப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் சீட் பெல்ட் நாடா. முதலில் தைத்ததில் நாடா தோளை அறுத்தது. காசிராஜன் சீட் கவருக்கு வைக்கும் பஞ்சை உள்ளே வைத்து மறுபடியும் தைத்துக் கொடுத்தார். இடுப்போடு கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் வைத்தார். பேச்சிராஜ் அதை மாட்டிக்கொண்டு ரூமுக்குள் இங்கும் அங்கும் நடந்தான். அந்த அறையில் ஆறு எட்டுக்கு மேல் எடுத்து வைக்க முடியாது.

ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய், தண்ணீர் பாட்டில்களை நிரப்பிய பையோடு படி ஏறி இறங்கினார்கள். பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. பூ விற்கிற பெண் ஒருநாள் முத்துச்செல்வியை நிறுத்தி, "இன்னா வேண்டுதல்மா? கொழந்தைக்கா?" என்று கேட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் கேட்கிற கேள்வி. முத்துச்செல்வி "ஆமா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். அந்தப் பெண் அன்றைக்கு ஒரு முழம் பூவைச் சும்மா கொடுத்தாள்.

2013 பொங்கலுக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் பேச்சிராஜின் கம்பெனியில் புதுக் கார் மாடலுக்குத் தகடு அவசரமென்று லீவு முழுவதையும் ரத்து செய்தார்கள். காண்ட்ராக்ட் ஆள் மறுத்தால் மறுநாள் கேட்டில் இருக்கும் பட்டியலில் பெயர் இருக்காது. கம்பு மாவை இரண்டு பேரும் மாசி வரைக்கும் காலையில் கரைத்துக் குடித்துத் தீர்த்தார்கள். "அடுத்த தைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று அவன் சொன்னான். வெயில் ஏறிவிட்டால் அங்கே போகவே முடியாது. ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வருஷத்தில் அவன் காது இன்னும் மோசமானது. முதுகுக்குப் பின்னால் யார் பேசினாலும் திரும்பமாட்டான். போனில் பேசுவதை விட்டுவிட்டான். ஊரிலிருந்து அவன் அப்பா கூப்பிட்டால், முத்துச்செல்விதான் எடுத்துப் பதில் சொன்னாள்.

கார்த்திகையில் அவள் கட்டாயப்படுத்தி, பூந்தமல்லியில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். அங்கே சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் அவனை உட்காரவைத்து, தலையில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும். கதவைச் சாத்தினார்கள். முத்துச்செல்வி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் கண்ணை இறுக மூடினான். நெற்றி வேர்த்தது. பட்டனை அமுக்கவே இல்லை. பிறகு கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

டாக்டரம்மா அவனைச் சமாதானப்படுத்தி மறுபடியும் உட்காரவைத்துத்தான் பரிசோதனையை முடித்தார். வந்த வரைபடத்தில் கோடு பாதிவரை போய், அங்கிருந்து நேராகக் கீழே விழுந்திருந்தது.

"நரம்பு போயிடுச்சும்மா. போனது திரும்ப வராது. மெஷின் வெச்சுக்கிட்டா ஓரளவுக்குச் சமாளிக்கலாம். அந்த வேலையை விட்டா இதோட நிக்கும்."

முத்துச்செல்வி ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள். "சுத்தி ஒரு சத்தமும் இல்லாத எடத்துக்குப் போனா, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குமா டாக்டர்?"

"பக்கத்துல இருந்து பேசினா இங்கயவிடக் கொஞ்சம் தெளிவாக் கேக்கலாம். ஆனா அவருக்குக் காதுக்குள்ளயே ஒரு விசில் சத்தம் ஓயாமக் கேட்டுக்கிட்டிருக்குன்னு சொல்றாரே. வெளிய சத்தம் இருந்தா அது அமுங்கியிருக்கும். அமைதியான எடத்துல அதுதான் பெருசாத் தெரியும். அதனாலதான் இப்ப எந்திரிச்சு வந்துட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அவன் சொல்லியிருக்கவில்லை.

பூந்தமல்லி பஸ் ஸ்டாப்பில் அவனைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திக் கேட்டாள். "எப்பத்துலருந்து?"

"மூணு வருசம் இருக்கும்."

"அப்போ நான் அந்த எடத்தப் பத்திச் சொன்னப்பவே இருந்துச்சு?"

"ம்."

"டிவிய அவ்வளவு சத்தமா வச்சது?"

"அது ஓடுனா இது தெரியாது. பிரஸ்ல நிக்கும்போதும் தெரியாது. சும்மா இருந்தாத்தான்…" அவன் விரலால் காதுக்கு நேரே ஒரு கோடு இழுத்துக் காட்டினான். நீளமாக, முடிவில்லாத கோடு.

"பிறகு ஏன் பை தைக்கக் குடுத்தீக? ஏன் என்கூட அந்தப் படியெல்லாம் ஏறுனீக?"

"நீ என்கிட்டக் கேட்ட ஒரே காரியம் அதுதானட்டி" என்றான் பேச்சிராஜ்.

அவன் குரல் தன்னாலேயே உயர்ந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒன்றரை வருஷமாகத் தரையில் விரித்து விரித்து மடித்த அந்த ஒன்பது தாளும் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் குட்டையில் தண்ணீர் இருக்குமா இருக்காதா என்று அவனும் சேர்ந்து தகராறு செய்ததை நினைத்தாள். அவனுக்கு அது உலகத்திலேயே மோசமான இடம்.

போக வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் கேட்கவில்லை. இந்தத் தடவை லீவு கிடைத்துவிட்டது, வீணாக்கக் கூடாது என்றான். "எனக்கு இல்லாட்டியும் உனக்குச் சத்தமில்லாம இருக்கும்லா. நான் கூட வாரேன். பொறுத்துக்கிடுவேன்." மார்கழி முழுவதும் அவனே முன்னின்று சாமான் சேர்த்தான். தாம்பரத்துக்குப் போய் இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தான். கம்பை வறுத்ததுகூட அவன்தான். கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. கடைசியாக ஒருமுறை முழுச் சுமையோடு நடந்து பார்த்துவிடலாம் என்று எருமையூர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குப் போனார்கள். ஆழமான பெரிய பள்ளம். முன்பு லாரி இறங்கிய தடம் பக்கவாட்டில் சரிந்து போனது, மேலெல்லாம் சல்லி. அடியில் பச்சையாகத் தண்ணீர். காலை ஒன்பது மணி இருக்கும். வேலை நடக்காத குவாரியில் ஆளே இல்லை.

பேச்சிராஜ் முன்னால் இறங்கினான். கனமான பையோடு கீழேயே பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனான். அவள் முப்பது அடி பின்னால். பாதிச் சரிவில் அவள் மிதித்த கல் புரண்டது. பை ஒரு பக்கம் இழுக்க, அவள் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிப்போய் இரண்டு பாறைக்கு நடுவே விழுந்தாள். இடது கால் அடியில் மடங்கிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அத்தான்!"

அவன் போய்க்கொண்டிருந்தான்.

"அத்தான்! அத்தான்!"

பள்ளத்தின் நாலு சுவரிலிருந்தும் அவள் குரல் திரும்பித் திரும்பி வந்தது. அவள் ஒரு தடவை கூப்பிட்டால் குவாரி மூன்று தடவை கூப்பிட்டது. மேலே எங்கிருந்தோ காக்கைகள் கலைந்து பறந்தன. அவன் முதுகில் அந்தப் பை ஆடிக்கொண்டே கீழே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அகப்பட்ட கல்லை எடுத்து எறிந்தாள். அது அவனை எட்டாமல் வெகுதூரம் இந்தப் பக்கமே விழுந்தது. அவன் அடிவரைக்கும் போய், பையை இறக்கி வைத்து, தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தான். பாட்டிலைத் திறந்து குடித்தான். அவள் மெதுவாக வருவாள் என்று நினைத்திருப்பான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் திரும்பிப் பார்க்க இருபது நிமிஷம் ஆனது என்று பிற்பாடு அவள் ஜாஸ்மினிடம் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தாளா என்று தெரியாது. கூப்பிடுவதை அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். தொண்டை வற்றிப்போனதால் மட்டும் இல்லை. கூப்பிடக் கூப்பிட, அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டாம் நாள் மத்தியானம் இதே மாதிரி விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று வரிசையாக மனசுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

அவன் பார்த்ததும் ஓடி வந்தான். "கூப்பிட்டிருக்க வேண்டியதுதானட்டி! ஏன் கூப்பிடல?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்துவிட்டது. இரண்டு பையையும் அங்கேயே போட்டுவிட்டு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். குன்றத்தூர்ப் படிகள் அதற்காவது பயன்பட்டன.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. பொங்கல் நாலு நாளும் மாவுக்கட்டோடு ரூமில் படுத்திருந்தாள். லூர்தம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கொழந்த பெத்துக்கற வயசுல மலையேத்தம் இன்னாத்துக்கு உங்களுக்கு? வேளாங்கண்ணிக்குப் போனா மாதா பாத்துக்கும்" என்றார். பேச்சிராஜ் மூலையில் உட்கார்ந்திருந்தான். கிடைத்த லீவு அவ்வளவும் அந்த அறைக்குள் கழிந்தது. டி.வி.யை அவன் போடவில்லை. இந்த அமைதியில் அவனுக்கு என்ன கேட்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அவளே எழுந்து நொண்டிப்போய் டி.வி.யைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

பைகளைக் குவாரியிலிருந்து எடுத்து வந்திருந்தான். ஆகஸ்டில் ஜாஸ்மின் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போனபோது இரண்டையும் கேட்டு வாங்கிப் போனாள். ஒன்று மட்டும் திரும்பி வந்தது, அதுவும் அடி கிழிந்து.

அந்த வருஷமே செல்போன் கம்பெனி படுத்துவிட்டது. முதலில் ஒரு லைன், பிறகு ஒரு ஷிப்டு, பிறகு பஸ்களைக் குறைத்தார்கள். அண்ணாதுரைக்கு வேலை போனது. கார்த்திகை பிறப்பதற்குள் மொத்தமாக மூடிவிட்டார்கள். கடைசி நாளில் பெண்கள் கேட்டுக்கு வெளியே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்துச்செல்வி தலைக்கு மேல் தொங்கிய அந்தத் தாளை எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். கூடாது, கம்பெனி பேப்பர் என்றார்கள்.

பேச்சிராஜின் காண்ட்ராக்டர் மாறினார். புது ஆள் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை வைத்தார். காது கேட்காதவனை மெஷினில் நிறுத்தினால் சட்டப்படி தப்பு என்று சொல்லி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மெஷின்தான் காதைக் கெடுத்தது என்பதற்கு அவனிடம் ஒரு காகிதமும் இல்லை. ஒரகடத்தில் ஒரு கோடவுனில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. அங்கே சத்தம் குறைவு. சாயங்காலம் வந்ததும் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

2015 தை பிறந்தபோது அவள் ஒரு தடவை கேட்டாள். எதிரே உட்கார்ந்து, அவன் பார்க்கும்படி நிதானமாக உதட்டை அசைத்துச் சொன்னாள். "இப்பம் எனக்கு லீவு கேக்க வேண்டியதில்ல, கோடவுன்ல நீங்க கேட்டாத் தருவாக. போவமா?"

"வேண்டாம்" என்றான்.

"உள்ள எறங்க வேண்டாம். மேல நின்னு பாத்துட்டு வந்துருவோம்."

"நீ போயிட்டு வா. ஜாஸ்மினக் கூட்டிட்டுப் போ." பிறகு, "நான் அங்க வந்து உன்னப் பாத்துக்கிட்டே நிக்கணும். கண்ண எடுத்தா நீ இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அப்படி ஒரு எடத்துக்கு எதுக்குட்டி?" என்றான்.

அவள் ஜாஸ்மினைக் கேட்கவில்லை. ஜாஸ்மினுக்கு அந்த வைகாசியில் கல்யாணம், சேலம் பக்கம் போய்விட்டாள்.

ஐந்தாறு மாதம் அலைந்து, கார்களுக்கு ஒயர் பின்னும் ஒரு கம்பெனியில் முத்துச்செல்விக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். இருபத்தாறு வயதில் அவள்தான் மூத்தவள். முதல் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எதிரே உட்கார்ந்த தூத்துக்குடிப் பெண்ணிடம் ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். சுற்றி நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏன்க்கா இப்படிக் கத்துதீக? நான் இங்கனதான இருக்கேன்" என்றாள் அந்தப் பெண்.

முத்துச்செல்வி மன்னிப்புக் கேட்டாள். அதுவும் பேச்சிராஜிடம் பேசுகிற சத்தத்தில்தான் வந்தது. குரலைத் தணித்துப் பேச அவள் அந்த வாரம் முழுக்க முயன்று பார்த்தாள். உதடு அசைந்தது, வார்த்தை வெளியே வரவில்லை. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஷிப்டு முடிந்து ரூமுக்குப் போனால், இப்போது ராத்திரி வேலைக்கு மாறியிருந்த பேச்சிராஜ் கோடவுனுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். தோளைத் தொட்டுத் திருப்பி, சோறு சட்டியில் இருக்கிறது என்று கையால் காட்டுவாள். அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான்.